கையெழுத்துக்கு மேலே

அல்கால்தே, நியூ மெக்சிகோ
செப்டம்பர் 11, 2018

அர்சேலியா,

போனில் பேசினால் நீ "ம்" என்று மட்டும் சொல்வாய். அம்மாவுக்குக் காது மந்தமான பிறகு இந்த வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. நாம் பேசுவது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். பதிலைத் தபால் நிலையத்தில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பு. அதன் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மலைமேல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவனை, வேலிக்கு உள்ளே போகும் ரகசிய அனுமதிக்காக, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக விசாரிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை படிவத்தை நானே நிரப்பினேன். என்ன செய்ய, வீட்டுப் படிவமெல்லாம் எழுதித் தரும் எங்கள் வக்கீலம்மா, நீதான், மினசோட்டாவில் உட்கார்ந்து தண்ணீரைச் சோதிக்கிறாயே. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன்.

போன வாரம் விசாரணைக்கு வந்தவர் ப்ரன்னர் என்ற பெண்மணி. நல்ல மாதிரிதான். முதுகுக்கு இதமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தார். கஞ்சா பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"ஆமா மேடம். 2011 கடைசில சாரத்துல இருந்து விழுந்துட்டேன். டாக்டர் வலிக்கு எழுதிக் குடுத்த அதே மாத்திரையத் தின்னுதான் எங்க சித்தி பையன் லியாண்ட்ரோ செத்தான். அதத் தொடவே பயம். அஞ்சு மாசம் கஞ்சா பிடிச்சேன். மார்ச்ல விட்டுட்டேன். அதுக்கப்பறம் தொட்டதில்ல. எல்லாம் போன தடவையே எழுதிக் குடுத்ததுதானே."

பேனா நின்றுவிட்டது.

"போன தடவை எழுதினீங்களா?"

"எழுதினேனே."

காகிதங்களைப் புரட்டினார். "சரி" என்றார். அந்தச் சரி எனக்குச் சரியாகப் படவில்லை.

2013-ல் கொடுத்ததில் ஏதோ ஒரு பக்கத்தைத் தொலைத்துவிட்டார்கள் போல. நீ எதையும் தூக்கிப் போடமாட்டாய். காகிதம் போட்டுவைக்கிற அந்த ஆப்பிள் மரப்பெட்டியில் நகல் இருக்கும். எடுத்து அனுப்பு, அவர்கள் முகத்தில் காட்டுகிறேன்.

இங்கே மிளகாய் வறுக்கும் வாரம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தக் குளிர்ல புள்ள என்னத்தத் திங்குதோ" என்கிறாள். ஏதாவது தின்னு.

எலோய்


டுலூத், மினசோட்டா
செப்டம்பர் 22, 2018

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். இங்கே ஏரி இப்போதே சாம்பல் நிறமாகிவிட்டது. காலையில் பதினாறு இடங்களிலிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் வரும், மதியத்துக்குள் முடித்துவிடுவேன். எங்கள் மேலதிகாரி தன் மகனின் கல்லூரி விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்தார். "நீதான் இதெல்லாம் அழகாப் பண்ணுவியாமே" என்றார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. செய்து கொடுத்தேன்.

நகல் இருக்கும் என்று நினைக்கிறேன். தேட வேண்டும்.

ஒன்று கேட்கவேண்டும். 2013-ல் உன்னை விசாரித்த அந்த மனிதர் கஞ்சா பற்றி வாய்விட்டுக் கேட்டாரா? அவர் கேட்டதும் நீ சொன்னதும் உனக்கு அப்படியே நினைவிருந்தால் எழுது. அதுவரை, பக்கத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று அங்கே யாரிடமும் சொல்லவேண்டாம். தயவுசெய்து.

அர்சேலியா


அல்கால்தே
அக்டோபர் 3, 2018

அர்சேலியா,

தாமதமாகச் சொல்கிறாய். மேற்பார்வையாளர் முன்னால், எட்டுப் பேர் கேட்க, "நீங்க காகிதத்தத் தொலைச்சிட்டு என்னைக் கேக்கறீங்களா?" என்று கத்திவிட்டேன். அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அனுமதி நிறுத்திவைப்பு. வேலை போகவில்லை, ஆனால் வேலிக்கு உள்ளே போகக்கூடாது. வெளிக்கிடங்கில் உட்கார்ந்து வால்வுகளை அளவு வாரியாக அடுக்குகிறேன். கழிப்பறை இருக்கும் கட்டடத்துக்குப் போகக்கூட அட்டை உள்ளவன் ஒருவன் துணைக்கு வரவேண்டும். நம் பெனிதோதான் வருகிறான். தொழிற்சங்கத்து ஆள் என்பதால் அவனுக்கு நேரம் கொடுக்கிறார்கள்.

"வா மாப்ள, ஊர்வலம் கிளம்பலாம். மேளம் மட்டுந்தான் பாக்கி."

நான் சிரித்தேன். பிறகு கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். அந்த மனிதர் என்னைச் சந்தித்தது ஆணிக்கடை வாசலில், அவருடைய காருக்குள். வேறு எங்கோ போகிற அவசரம். மடியில் படிவம். "எல்லாம் இதுல இருக்கறபடிதானா? எதையாவது மாத்தணுமா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு எழுத்துகூட மாத்த வேணாம் சார். என் தங்கச்சி எழுதினது. யூனிவர்சிட்டில படிக்கறா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கோப்பை மூடினார்.

பெனிதோ சொல்கிறான், 2011-ல் அவன் இரண்டு வருடம் புகைத்ததாக எழுதினானாம். "ஒருத்தனும் மூக்கச் சுளிக்கல. எப்ப விட்டேன்னு கேட்டாங்க, சொன்னேன், அட்டையக் குடுத்துட்டாங்க. இதுக்காடா உன்ன வெளிய உக்கார வெச்சிருக்காங்க?"

நகலை அனுப்பு. அம்மாவிடம் முதுகு வலி, லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எலோய்


டுலூத்
அக்டோபர் 10, 2018

அண்ணா,

நகல் என்னிடம் இருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அவர்கள் எந்தப் பக்கத்தையும் தொலைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நேராக "இல்லை" என்று இருக்கிறது. அதைப் போட்டது நான்.

நீ எனக்குக் கோடு போட்ட நோட்டுத் தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாய். குடியிருந்த வீடுகள், வேலை பார்த்த இடங்கள், சார விபத்து. பதினேழாவது வரியில் கஞ்சா. எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை தடவை, எப்போது விட்டாய் என்பது வரை. உன் பெரிய எழுத்தில். பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் அறையில் அந்தத் தாளை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்து அடித்தேன். பதினேழாவது வரியை விட்டேன். கேட்காமல் விட்டேன். கையெழுத்துப் பக்கங்களை மட்டும் அச்செடுத்து, எங்கே போடவேண்டும் என்று மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீ பக்கத்து வீட்டு பம்பைக் கழற்றிப் போட்டிருந்தாய். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். "முழுசையும் அச்செடுத்துத் தரவா, படிக்கறியா?" என்று கேட்டேன். "நீ எழுதினத நான் எதுக்குப் படிக்கணும்?" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பெருமையைத்தான் வைத்துக்கொண்டேன்.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன், அது நியாயம் என்று அல்ல. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நம் வீட்டுக்கு வந்த எல்லாப் படிவத்தையும் பத்து வயதிலிருந்து நான்தான் நிரப்பியிருக்கிறேன். மருத்துவமனைக்கு, பள்ளிக்கு, அப்பா இறந்த பிறகு உதவித்தொகைக்கு. நம் வீட்டில் இதைச் சொல்லித்தர யாரும் இல்லை. நானாக ஒன்று கற்றுக்கொண்டேன்: அதிகமாகச் சொன்னவரைத் திருப்பி அனுப்புவார்கள். படிவம் என்றால் நம்மைத் தெரிந்துகொள்ளக் கேட்பது என்று எனக்குத் தோன்றியதே இல்லை, நம்மைக் கழித்துவிடக் கேட்பது என்றுதான் நினைத்தேன். பெனிதோ "ஆம்" என்று எழுதினான் என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தால்.

நீ அந்த நோட்டுத் தாளைத் திரும்பக் கேட்கவே இல்லை. அதுவும் என்னிடம் இருக்கிறது.

அர்சேலியா


டுலூத்
அக்டோபர் 29, 2018

அண்ணா,

உன் பதில் வராமல் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. நடுவில் போட்டதும் உனக்குக் கிடைத்திருக்கும். நீ பெட்டியைத் திறக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நேற்று வீட்டுக்கு போன் செய்தேன். அம்மா எடுத்தாள். "உங்கண்ணன் வாசல்ல வண்டிக்குள்ள உக்காந்திருக்கான், கூப்பிடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். "சண்டையா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். ஸ்பீக்கரில் என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது.

என்ன எழுதித் தரவேண்டுமோ தருகிறேன். யாரிடம் சொல்லவேண்டுமோ சொல்கிறேன்.

அர்சேலியா


அல்கால்தே
நவம்பர் 9, 2018

அர்சேலியா,

மூன்றையும் படித்தேன். தபால் நிலையத்துக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்து படித்தேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை.

கேட்க ஒன்றுதான் இருக்கிறது. பதினேழாவது வரிக்கு வந்தபோது ஏன் ஒரு போன் செய்யவில்லை? பத்தொன்பது வயது என்கிறாய். எனக்குப் பத்தொன்பது வயதில் நீ தொட்டிலில் இருந்தாய், நான் அப்பாவோடு கூரை வேய்ந்துகொண்டிருந்தேன். தெரியாததைக் கேட்கத்தான் செய்தேன்.

அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து தடித்த உறை வந்திருக்கிறது. என்மேல் இரண்டு சந்தேகங்கள். முதலாவது கஞ்சா. அதற்குக் கீழேயே அவர்களே எழுதிவிட்டார்கள், பல வருடம் ஆகிவிட்டது, மறுபடி செய்யவில்லை, பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று. இரண்டாவதுக்குத் தலைப்பு "நேர்மை". 2013-ல் எழுத்தில் ஒரு பொய், காரில் வாயால் ஒரு பொய். ஆணிக்கடை வாசலில் உன்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டேனே, அது இரண்டாவது பொய்யாம். தங்கச்சி பற்றிச் சொன்னதை அந்த மனிதர் குறித்துக்கொள்ளவில்லை. "மாற்றம் எதுவும் இல்லை என்றார்" என்பது மட்டும் இருக்கிறது.

என்னை இதுவரை திருடன் என்றிருக்கிறார்கள், முட்டாள் என்றிருக்கிறார்கள். பொய்யன் என்று யாரும் சொன்னதில்லை.

சங்கத்து வக்கீல் அந்த நோட்டுத் தாளைக் கேட்கிறார். உன் வாக்குமூலத்தையும். முகவரி பின்பக்கம்.

எலோய்


டுலூத்
நவம்பர் 21, 2018

அண்ணா,

இரண்டையும் பதிவுத் தபாலில் வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். ரசீது இத்துடன் இருக்கிறது.

வாக்குமூலத்தில் வங்கியில் இருக்கும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. வரிசையில் நின்றபோது மூன்று பேரை எனக்கு முன்னால் போகவிட்டேன். அந்த அம்மாள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாம் கண்ணு. நீ நீதானான்னு பாக்கறதுதான் என் வேலை" என்றாள்.

வக்கீல் போனில் எச்சரித்தார். அரசாங்கப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினேன் என்று நானே சொல்வது நாளைக்கு எனக்கும் வினையாகலாமாம். "அவசரப்படாதீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொன்னேன். "ம்" என்று சொல்லவில்லை அண்ணா, முழு வாக்கியமாகச் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தேன். வரட்டுமா என்று நீ எழுதினால் வருகிறேன்.

அர்சேலியா


அல்கால்தே
பிப்ரவரி 24, 2019

அர்சேலியா,

கிறிஸ்துமஸுக்கு நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ வந்திருப்பாய். அம்மா எதிரே உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் தமாலே தின்றிருப்போம். எனக்கு முடியாது போலிருந்தது.

வியாழக்கிழமை நீதிபதி முன்னால் நடந்த விசாரணையில் நீ வீடியோ திரையில் தெரிந்தாய். மிகவும் சின்னதாக. உனக்குப் பின்னால் சுவரில் ஏதோ காலண்டர். நீ பேசியது எல்லாம் கேட்டது. நடுங்காமல் பேசினாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதை எழுதுகிறேன்.

அரசாங்கத் தரப்பு வக்கீல் நோட்டுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டார். இளைஞர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"இத எப்ப எழுதினீங்க?"

"2013-ல. ஏப்ரல்."

"தேதி எங்க இருக்கு?"

"நோட்டுத் தாள்ல யாரு சார் தேதி போடுவா?"

"போன மாசம்கூட எழுதியிருக்கலாம் இல்லையா?"

எழுதியிருக்கலாம்தான். எழுதவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கேட்டார், "நூத்திருவது பக்கம். அதுல ஒண்ணக்கூடப் படிக்காம, எல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார்."

"ஏன்?"

"அவ எழுதினது."

அவர் என் வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். குழாயைத் திறப்பதற்கு முன்னால் வால்வு மூடியிருக்கிறதா என்று யார் பார்ப்பது? நான். பார்த்ததற்கு யார் கையெழுத்துப் போடுவது? நான். "கூட வேலை செய்யறவர் மூடிட்டேன்னு சொல்றார். நம்பிக்கையானவர். நீங்க போய்ப் பாக்காம கையெழுத்துப் போடுவீங்களா?"

ஐந்து வருடமாக ஒரு நாள்கூட அப்படிப் போட்டதில்லை. கூடப்பிறந்தவனே மூடினாலும் என் கையால் திருகிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். அதைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. பெனிதோ பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டான்.

நீதிபதி வயதானவர். எழுதிக்கொண்டார். முடிவு வர இரண்டு மாதம் ஆகும் என்றார்.

எலோய்


டுலூத்
மார்ச் 4, 2019

அண்ணா,

அவர்கள் என்னைத் திரையிலிருந்து அனுப்பிய பிறகு அந்த அறையில் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இணைப்பு போய்விட்டது என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. யாராவது மறுபடி கூப்பிட்டு, "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பார்கள் போலிருந்தது.

சொல்ல ஒன்று இருந்தது. வால்வு வேறு, தங்கை வேறு. வால்வைத் திருகிப் பார்ப்பது அதை அவமானப்படுத்துவது ஆகாது. நீ அன்று அந்தப் பக்கங்களைக் கேட்டுப் படித்திருந்தால் எனக்குக் கோபம்கூட வந்திருக்கும். இதை அந்த இளைஞரிடம் யார் சொல்வது? சொன்னாலும் எந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்வார்?

வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா? அம்மாவிடம் நானே நேரில் சொல்கிறேன். இதையாவது நான் செய்கிறேன். உன் வாயால் அவளுக்குத் தெரியவேண்டாம். நீ பொய் சொல்லிச் சொல்லி முதுகு வலியை எத்தனை மாதம் இழுப்பாய்?

அர்சேலியா


அல்கால்தே
ஏப்ரல் 22, 2019

அர்சேலியா,

முடிவு புதன்கிழமை வந்தது. அனுமதி திரும்பக் கிடைக்காது. வெளிக்கிடங்கு வேலையும் மாதக் கடைசியோடு முடிகிறது. அனுமதி இல்லாதவனுக்கு அங்கே நிரந்தர வேலை கிடையாது. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் வக்கீல், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினான்கு பக்கம். இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் உன்னைப் பற்றி இருக்கிறது. "சகோதரியின் சாட்சியம் தெளிவானது. அவர் உண்மை பேசுகிறார் என்று நம்புகிறேன்." அப்படியே இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி. எனக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக அவர் நினைக்கவில்லையாம். ஆனால் படிக்காமல் உறுதிமொழி கொடுக்கிற ஒருவனை, காரில் கேட்டபோதும் பார்க்காமல் ஆமாம் என்ற ஒருவனை, நாட்டின் ரகசியத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். நல்ல மனிதர். திட்டக்கூட முடியாதபடி எழுதியிருக்கிறார்.

நீ வருவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. புனித வெள்ளி அன்று வழக்கம்போல சிமாயோ கோவிலுக்கு நடந்தோம். சாலை ஓரம் முழுக்க ஜனம். ஆறு மைல் போனதும் அம்மா நின்றாள்.

"ஆறு மாசமா முதுகு முதுகுங்கற. என்னோட சரிக்குச் சரி நடக்கற. என்னடா மறைக்கற?"

ரோட்டில், அந்த நாளில், எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. காதருகே கத்திச் சொன்னேன். வேலை போய்விட்டது, பழைய படிவத்தில் கஞ்சா பிடித்ததில்லை என்று பொய்யாக இருந்தது, கண்டுபிடித்துவிட்டார்கள் என்றேன். முன்னால் நடந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"படிவமா? அத அர்சேலியாதான எழுதிக் குடுத்தா?"

உன் பட்டமளிப்புப் படத்தை அவள் கைப்பையில் ஜெபமாலையோடு வைத்திருக்கிறாள். மிளகாய் வாங்க வருபவர்களிடம்கூடக் காட்டுகிறாள். "எங்க வீட்டுல படிச்ச புள்ள" என்று சொல்ல அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான்.

"அவ சரியாத்தான் எழுதினா. நான்தான் பயந்து மாத்தச் சொன்னேன்" என்றேன்.

கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலால் என் தோளில் ஒரு அடி. "படிச்ச புள்ள சொல்றதக் கேட்டிருந்தா இந்தக் கதி வருமாடா உனக்கு!"

கோவிலில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பொய் சொன்ன மகனுக்காக என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். அவளுக்குக் காது கேட்காததால் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறாள். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசைக்கு எல்லாம் கேட்டது.

எனக்கு உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. நீதிபதியிடம் உண்மை சொன்ன மாதிரி அம்மாவிடமும் சொல்லிவிடவேண்டும் என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். சொல்லாதே. இது நான் சொன்னது, நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் மாதம் வா. அவள் உன் முன்னாலேயே என்னைத் திட்டுவாள். நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடு.

எலோய்